இடப்பக்கத் தேய்மானம்

டயருக்குப் பொய் சொல்ல வராது என்று
வாதி கபீர் சந்தில் உட்கார்ந்து
ஏழு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.
போன மாதம் அதுவும் போயிற்று.

ஹப்ஸி வீட்டுப் பையன் வந்தான்.
ஆயிரம் சிசி, முழங்காலில் பிளாஸ்டிக் வில்லை.
பின் டயரின் இரண்டு ஓரமும் ரோட்டையே பாராத ரப்பர்,
ஒரு விரல் அகலம்,
அச்சில் முளைத்த ரோமம்கூட உதிரவில்லை.
வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோடு அமராத் மலை ஏறப் போகிறானாம்.
"உப்புத்தாள் வச்சு ஓரத்தைத் தேய்ச்சுக் கொடு, உஸ்தாத்.
படுத்து ஓட்டினவன் வண்டி மாதிரி இருக்கணும்."
தேய்த்தேன்.
உட்கார்ந்த இடத்தில் நாற்பத்தைந்து டிகிரி, மூன்று ரியால்,
மணிக்கட்டு வலி என் கணக்கில்.

எட்வின் டயருக்கு உப்புத்தாள் வேண்டாம்.

நடுவில் தட்டை. அது நெடுஞ்சாலை வேலை,
ரூவியிலிருந்து சீப், சீப்பிலிருந்து ரூவி;
எந்த உருண்டையையும் சப்பாத்திப் பலகையாக்கிவிடும்.
பார்க்க வேண்டியது இடப்பக்கம்.
கோயிலில் வலம்; இந்த ஊர் ரவுண்டானாவில் இடம்.
நாளைக்கு முப்பது ஆர்டர், ஆர்டருக்கு நாலு ரவுண்டானா,
ஒவ்வொன்றிலும்
சால்னா சிந்தாத அளவுக்கு ஒரு சாய்வு.
வலது தோள் இன்னும் கடை மினுக்கோடு இருக்க
இடது தோளில் கோடுகளே இல்லை.

"பின்னால குதிக்குதுண்ணே.
வளைவுல ரோட்டை விட்டுட்டு விட்டுட்டுப் பிடிக்குது.
டயரை மாத்திடுங்க, காசு இருபத்தஞ்சாம் தேதி."

டயரில் இன்னும் ஒரு மாதம் மிச்சம் இருந்தது.
காற்று சரி. ஷாக்கில் ஒழுக்கு இல்லை.
ஏறி உட்கார் என்றேன்.
மொனிர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.
நான் முட்டி போட்டு, சக்கரத்து அச்சிலிருந்து
சீட்டுக்குக் கீழே நானே வைத்த வெள்ளைப் பெயின்ட் புள்ளி வரை
டேப்பை இழுத்தேன்.

சுவரில் பழைய கணக்கு இருக்கிறது, பென்சிலில்:
ஜனவரி. எட்வின். எண்பத்தொரு கிலோ.
ஸ்பிரிங் நாலாம் படி.
அமுங்கல் முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

இன்று இருபத்தொன்று.

மறுபடி இழுத்தேன். மொனிரை இழுக்கச் சொன்னேன்.
டேப்பின் கொக்கி ஆடுகிறதோ என்று அதையும் பார்த்தேன்.
இருபத்தொன்று.

எட்டு மாதத்தில் ஸ்பிரிங் பலம் வைக்காது,
இரும்புக்கு அந்தப் பழக்கம் இல்லை.
மேலே இருப்பதுதான் குறைந்திருக்கிறது.
கனமில்லாதவனை ரோடு தூக்கிப் போடுகிறது,
பழியை டயர் வாங்கிக்கொள்கிறது.
கம்பெனி ஜாக்கெட் எல்லோரையும் ஒரே உடம்பாகக் காட்டும்;
வாரம் இரண்டு தடவை பார்த்தும்
எனக்குத் தெரியவில்லை.

நாக்கு நுனி வரை வேறு கேள்வி வந்தது.
வாயில் வந்தது இது:
"பெட்டியில எவ்வளவு எடை ஏத்துவே?"
"மூணு ஃபேமிலி பேக் வரைக்கும் போகும்ணே. ஏன்?"
"சும்மாதான்."

கொக்கி ஸ்பேனரைக் கொடுத்துத் திருப்பினேன்.
நாலிலிருந்து மூன்று, டக்.
மூன்றிலிருந்து இரண்டு, டக்.
இரண்டு பக்கமும்.
மறுபடி உட்கார வைத்தேன். முப்பது.
போதும், வளைவில் இனி ஒட்டி நிற்கும் என்றேன்.
டயர்? டயர் அடுத்த மாதம்.

போனான்.
சந்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன ரவுண்டானா உண்டு.
கையைத் துடைத்துக்கொண்டு நின்று பார்த்தேன்:
செப்டம்பர் வெயிலில் தார் பளபளக்க
இடப்பக்கம் சாய்ந்தான்,
பின் சக்கரம் குதிக்கவில்லை,
அப்படியே வழுக்கிக்கொண்டு போவதுபோல் சுற்றி
பள்ளிவாசல் பக்கம் மறைந்தான்.

சுவரில் எழுதினேன்:
செப்டம்பர். எட்வின். இரண்டாம் படி. முப்பது.
கிலோ போடும் இடத்தைக் காலியாக விட்டேன்.

மொனிர் ஸ்பேனரைக் கழுவி ஆணியில் மாட்டினான்.
கீழே இன்னும் ஒரு படிதான் இருக்கிறது
அந்த ஸ்பிரிங்கில்.